ஆபிரிக்கான்ஸ் கவிதையில் இலட்சியப் பெண்

தியத்தலாவையின் குளிர்ந்த மலைச்சாரலில் 1900ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே புதியதொரு குடியிருப்பு எழுந்தது. தகரக் கொட்டில்கள் வரிசை வரிசையாக நின்றன. அவற்றைச் சுற்றி முட்கம்பி வேலி இருந்தது. தென்னாபிரிக்காவில் பிரித்தானியரோடு போரிட்டுச் சிறைப்பட்ட போயர்கள் அங்கே வைக்கப்பட்டனர். ஒல்லாந்த மொழியில் ‘போயர்’ என்னுஞ் சொல்லுக்குக் கமக்காரன் என்பது பொருள். கடல் கடந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இவர்களின் தொகை ஏறத்தாழ 5,000. போர் முடிவுற்ற 1902ஆம் ஆண்டுவரை பலர் இம் மலைநாட்டிலேயே காலங் கழித்தனர்.

அவர்கள் இங்கே நாட்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, தாய்நாட்டிலே அவர்களிற் பலருடைய மனைவியரும் மக்களும் வேறொரு வேலிக்குள் அடைபட்டிருந்தனர். மறைந்திருந்து போரிட்ட போயர் படைகளுக்கு உணவும் உறைவிடமும் கிடைக்காதிருத்தல் வேண்டுமென்று, பிரித்தானியப் படையினர் சுமார் 30,000 பண்ணை வீடுகளைத் தீக்கிரையாக்கினர். வீடிழந்த பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் தடுப்பு முகாம்களிலே கூடாரங்களின் கீழ் இருத்தப்பட்டனர். சின்னமுத்தும் நெருப்புக் காய்ச்சலும் சளிச்சுரமும் அங்கே பரவின. போர் முடிவதற்குள் இம் முகாம்களில் இறந்தோர் ஏறக்குறைய 28,000 பேர். அவர்களுள் ஐந்தில் நான்கு பங்கினர் பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவர்.

ஆபிரிக்கான்ஸ் கவிதையிலே மீண்டும் மீண்டும் வந்து நிற்கும் ஒரு பெண் உண்டு. அவள் பொறுமையே உருவானவள். இழந்த பிள்ளைக்காகத் துயருறுபவள். தன் இனத்துக்காக எல்லாவற்றையும் தாங்குபவள். அந்தப் பெண்ணின் தோற்றுவாயை அறிய விரும்புவோர் இந்த முகாம்களிலிருந்தே தொடங்குதல் வேண்டும். அவள் கவிஞரின் வெறுங் கற்பனையிற் பிறந்தவளல்லள். உண்மையான துயரத்திலிருந்தே பிறந்தவள். ஆயின், துயரப்பட்ட பெண்ணைத் துயரத்தின் திருவுருவமாக உயர்த்தியபோது, அவளுக்குக் கிடைத்தது என்ன, அவள் இழந்தது என்ன என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதலில் அம் மொழியைப் பற்றிச் சில கூறுதல் பொருந்தும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியார் 1652ஆம் ஆண்டில் நன்னம்பிக்கை முனையிலே ஒரு தங்குதுறையை நிறுவினர். அங்கு குடியேறிய ஐரோப்பியர், அந் நிலத்தின் பழங்குடிகளான கொய்கொய் மக்கள், மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வங்காளம், மலையாளக்கரை, சோழமண்டலக்கரை, இலங்கை ஆகிய இடங்களிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்ட அடிமைகள் ஆகிய அனைவருடைய வாயிலும் புழங்கிப் புழங்கி ஒல்லாந்த மொழி உருமாறியது. அவ்வாறு உருவாகிய மொழியே ஆபிரிக்கான்ஸ். கற்றோர் அதனைச் ‘சமையலறை மொழி’ என்று இகழ்ந்தனர். அடுக்களையில் அடிமைப் பெண்களும் எசமானிகளும் குழந்தைகளும் பேசிய பேச்சாக இருந்தமையே அவ்விகழ்ச்சிக்குக் காரணம். 1875ஆம் ஆண்டில் பார்ல் என்னும் ஊரிலே அம் மொழிக்கென ஒரு சங்கம் தோன்றியது. 1925ஆம் ஆண்டிலே அது அரசகரும மொழியாயிற்று. 1933ஆம் ஆண்டிலே விவிலியம் முழுவதும் அம் மொழியில் வெளிவந்தது. இவ்வாறு மொழி தலைநிமிர்ந்த காலமும், போரில் தோற்ற இனம் தன் புண்ணை ஆற்றிக்கொள்ள முயன்ற காலமும் ஒன்றாயிருந்தன. ஆகவே தாய்மொழிப் பற்றும் தாயின்பாற் கொண்ட பக்தியும் பிரிக்க முடியாதவாறு பிணைந்தன.

போருக்குப் பின் எழுந்த கவிஞருள் மூவர் முதன்மையானவர். யான் செலியேர்ஸ் போரிலே பங்குபற்றியவர். தோல்விக்குப்பின் சுவிற்சர்லாந்து சென்று தங்கி, 1907ஆம் ஆண்டில் நாடு திரும்பியவர். ‘அவ்வளவுதான்’ எனப் பொருள்படுந் தலைப்பையுடைய அவருடைய சிறு கவிதையொன்று அம் மொழி பேசுவோர் நன்கறிந்தது. பரந்த வெளி, மேலே வானம், கடல் கடந்த சிறையிலிருந்து மீண்ட ஒருவன், புல்லிடையே ஒரு கல்லறை, ஒரு துளிக் கண்ணீர் - இவையே அக் கவிதையின் பொருள். கல்லறையில் உறங்குவது யாரென்று கவிஞர் கூறவில்லை. தியத்தலாவையிலிருந்தோ சென் ஹெலினாத் தீவிலிருந்தோ திரும்பிய ஒருவன் தன் பண்ணையிலே கண்ட காட்சியாகவே அதனைக் கொள்ளலாம். அங்கே பெண் இல்லை. அவள் இருந்த இடம் மாத்திரமே இருக்கிறது. சொல்லாமல் விட்டதனாலேயே அத் துயரம் பெரிதாகின்றது.

இரண்டாமவர் தோத்தியுஸ் என்ற புனைபெயர் கொண்ட யாக்கோப் டு டொயிற். இவர் ஒரு சமயகுரு; சங்கீதங்களை ஆபிரிக்கான்ஸ் மொழியில் யாத்தவர். 1908ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட ‘நினைவுச் சின்னத்தின் அருகே’ என்னுந் தொகுதி முகாம்களிலே மாண்டோரை நினைந்து பாடியது. 1913ஆம் ஆண்டில் வெளிவந்த வேறொரு நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘ராகேல்’. விவிலியத்திலே ராகேல் பிரயாண வழியிற் பிள்ளை பெற்று இறந்து, வழியோரத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டவள். தன் மக்களை இழந்து ஆறுதல் கொள்ளாது அழும் தாயென்று தீர்க்கதரிசியாற் பேசப்படுபவள். போயர் பெண்ணை ராகேலின் சாயலிற் காண்பது அக்கால வாசகருக்கு மிகப் பெரிய ஆறுதலாக இருந்தது. தங்கள் வீட்டுத் துயரம் வேதத்திலே எழுதப்பட்ட துயரமாயிற்று. அதேவேளையில், கூடாரத்திற் பசித்திருந்த ஒருத்தியின் முகம் புனித ஏட்டின் பக்கத்துள் மறையவுந் தொடங்கியது.

மூன்றாமவர் லூயி லெய்போல்ட். போர்க்காலத்திலே பத்திரிகையாளராகத் தொழில் புரிந்து, பின்னர் மருத்துவரானவர். இவருடைய நோக்கு வேறு. 1911ஆம் ஆண்டில் வெளிவந்த இவருடைய முதற் தொகுதியிலே ஒரு சவர்க்காரப் பெட்டியை விளித்துப் பாடிய கவிதை உண்டு. இங்கிலாந்திலே சவர்க்காரம் அடைப்பதற்கெனச் செய்யப்பட்ட பெட்டி, முகாமிலே ஒரு குழந்தைக்குச் சவப்பெட்டியாகின்றது. முகாம்களிலே பலகை கிடைப்பது அரிதாயிருந்தமையால் இத்தகைய பெட்டிகளே குழந்தைகளை அடக்கஞ் செய்ய உதவின. தாயின் பெருமையைப் பற்றி இக்கவிதையிற் புகழுரை கிடையாது. பெட்டியின் அளவே போதும். எஞ்சியதைக் கேட்போர் மனமே அறிந்துகொள்ளும். புகழ்மாலை சூட்டாமலே பெண்ணின் துயரத்துக்கு மதிப்பளிக்க முடியும் என்பதற்கு லெய்போல்ட் அன்றே வழிகாட்டினார். ஆயின், பின்வந்தோரிற் பலர் அவ்வழியிற் செல்லவில்லை.

அன்னைக்கு அடுத்தபடியாக வைத்துப் போற்றப்பட்டவள் காத்திருக்குங் காதலி. ‘சாரி மரே’ என்னும் பாட்டை அறியாத ஆபிரிக்கானர் இல்லை எனலாம். பழைய ரான்ஸ்வாலிலே ஓர் ஆற்றங்கரையில் வாழ்ந்த பெண்ணை நினைந்து, தூரத்திலிருந்து ஒருவன் ஏங்கும் பாட்டு அது. அதன் மெட்டு அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் பாட்டொன்றிலிருந்து பெறப்பட்டது. பிற்காலத்திலே பிரித்தானியக் கடற்படை வீரரே அதனைத் தம் அணிநடை இசையாக ஏற்றுக்கொண்டது காலத்தின் விந்தை. சாரி எப்படிப்பட்டவள், எதை விரும்பினாள் என்பன பற்றிப் பாட்டு ஒன்றுங் கூறுவதில்லை. வீடு திரும்ப வேண்டும் என்ற ஆசைக்கு அவள் ஒரு பெயர். இழந்த நாட்டுக்கு அவள் ஒரு முகம்.

கவிதையில் உருவாகிய பெண் 1913ஆம் ஆண்டிலே கல்லிலும் வெண்கலத்திலும் நின்றாள். அவ்வாண்டு டிசெம்பர் 16ஆம் நாள் புளூம்பொன்ரீன் நகரிலே தேசியப் பெண்கள் நினைவுச் சின்னம் திறந்துவைக்கப்பட்டது. உயர்ந்த தூணின் அடியிலே அன்ரன் வான் வோவ் என்னுஞ் சிற்பியார் அமைத்த இரு பெண்ணுருவங்கள் உள்ளன. ஒருத்தி மடியிலே இறக்கும் பிள்ளையோடு அமர்ந்திருக்கிறாள். மற்றவள் நின்றபடி தொலைவை நோக்குகின்றாள். இச் சிற்பத்துக்கு அடிப்படையான காட்சியை நேரிற் கண்டவர் எமிலி ஹொப்ஹவுஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி. முகாம்களின் நிலையை இங்கிலாந்து மக்களுக்கு எடுத்துரைத்து, தம் நாட்டவராலேயே தூற்றப்பட்டவர் அவர். 1901ஆம் ஆண்டில் ஒரு புகையிரத நிலையத்தருகே, மடியிற் கிடந்த பிள்ளை உயிர் விடுகையில் கண்ணீரின்றி அமர்ந்திருந்த தாயொருத்தியை அவர் கண்டார். அக் கண்ணீரின்மையே பின்னர் வெண்கலமாயிற்று.

இதன் பின் அந்தப் பெண்ணுக்கு ஒரு பட்டமுஞ் சூட்டப்பட்டது: ‘ஃபொல்க்ஸ்மூடர்’, அதாவது இனத்தின் அன்னை. 1918ஆம் ஆண்டில் வில்லெம் பொஸ்மா என்னும் குருவானவர் போயர் பெண்ணை அவளுடைய இனத்தின் தாயென்று போற்றி ஒரு நூல் எழுதினார். 1919ஆம் ஆண்டில் மேபெல் மல்ஹேர்பே என்னும் பெண்மணி ‘போயர் பெண்’ என்ற பெயரிலே அம் மொழியின் முதற் பெண்கள் சஞ்சிகையைத் தொடங்கினார். இனத்தின் அன்னை பக்தியுடையவள், தன்னலம் அற்றவள், வீட்டையுந் திருச்சபையையும் மொழியையுங் காப்பவள். அரசியல் மேடையில் ஏறுவது அவளுடைய இயல்புக்கு ஒவ்வாதென்று பல தலைவர்கள் கருதினர். வெள்ளைப் பெண்களுக்கு 1930ஆம் ஆண்டிலேதான் வாக்குரிமை கிடைத்தது. கறுப்பினப் பெண்கள் அதற்கு 1994ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. பெண்ணைப் பீடத்தில் ஏற்றி வைத்தவர்கள் அவளுடைய கையிலே வாக்குச் சீட்டைக் கொடுக்க அவசரப்படவில்லை.

ஆயினும் இவ்விலட்சியம் பெண்களை ஒடுக்க மாத்திரமே பயன்பட்டது என்று கூறுதல் முழுமையான உண்மையாகாது. வரட்சியாலும் வறுமையாலும் பண்ணைகளை விட்டு யொகன்னஸ்பேர்க் நகரத்துத் தையற் தொழிற்சாலைகளுக்கு வந்த ஏழைப் பெண்கள், 1930களிலே தொழிற்சங்கத்திற் சேர்ந்து வேலைநிறுத்தஞ் செய்தனர். யொகன்னா கொர்னேலியஸ், ஹெஸ்ரர் கொர்னேலியஸ் என்னுஞ் சகோதரிகள் அவர்களுள் முன்னின்றவர்கள். முகாம்களிலே அஞ்சாதிருந்த தாய்மாரின் பெண்களே தாங்கள் என்று கூறி, இனத்தின் அன்னை என்னும் பெயரையே தங்கள் கூலி உரிமைக்குத் துணையாக அவர்கள் கொண்டனர். ஒரே உருவம் அடக்கத்துக்கும் பயன்பட்டது, எழுச்சிக்கும் பயன்பட்டது.

எனினும் அவ்வுருவம் மறைத்தவை சில உள. முதலாவது, முகாம்களிலிருந்த பெண்களின் சொந்தக் குரல். அவர்கள் வெறுமனே சகித்திருந்தவர்கள் அல்லர். நாட்குறிப்பு எழுதினர்; அதிகாரிகளோடு வாதாடினர்; சரணடைய எண்ணிய ஆடவரை இடித்துரைத்தோரும் அவர்களுள் இருந்தனர். அந்தச் சினமும் பிடிவாதமும் வெண்கல உருவிலே இடம்பெறவில்லை. இரண்டாவது, அம் முகாம்களுக்கு அயலிலே இருந்த வேறு முகாம்கள். போயர் பண்ணைகளிலே வாழ்ந்த கறுப்பின மக்களும் வெளியேற்றப்பட்டுத் தனி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அங்கு இறந்தோராகப் பதிவானவர்களே 14,000 பேருக்கு மேல். உண்மைத் தொகை 20,000க்குக் குறையாதென்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. அவர்களிலும் பெரும்பாலோர் சிறுவரே. அவர்களுடைய தாய்மாருக்கு அக்காலக் கவிதையில் இடமில்லை, தூணுமில்லை. எமிலி ஹொப்ஹவுஸ் மாத்திரம் அவர்களை மறக்கவில்லை. நோய் காரணமாக 1913ஆம் ஆண்டுத் திறப்பு விழாவுக்கு அவரால் வந்துசேர இயலவில்லை. அவர் அனுப்பிய உரை அங்கு வாசிக்கப்பட்டது. தங்களுக்குரியதல்லாத ஒரு பகைமையிலே ஆயிரக்கணக்கான கறுப்பின மக்களும் மாண்டனர் என்பதை நினைத்தல் நீதியன்றோ என அவ்வுரையில் அவர் கேட்டிருந்தார்.

முகாமின் நிழல் படியாத ஒரு பெண்ணுருவமும் அம் மொழியிற் பிறந்ததென்பதை இவ்விடத்திற் கூறுதல் வேண்டும். இயூஜின் மரே என்னுங் கவிஞர், நாட்டுப்புறத்துப் பழங்குடிக் கதைசொல்லி ஒருவரிடங் கேட்ட கதைகளைத் தழுவி, 1927ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதிலே மழையின் நடனம் பற்றிய பாட்டு உண்டு. மழை அங்கே ‘எங்கள் சகோதரி’ என அழைக்கப்படுகிறாள். முதலிலே மலை உச்சியிலிருந்து நாணத்தோடு எட்டிப் பார்ப்பவள், பின்பு அணிகலன் பூண்டு ஆடி வருகிறாள். அவளும் இலட்சியப் பெண்ணே. ஆனால் அவள் அழுபவளல்லள்; காத்திருப்பவளுமல்லள். அவளுக்காகவே நிலமும் விலங்குகளும் காத்திருக்கின்றன. ஆபிரிக்க மண்ணின் பழங்குடிக் கற்பனை இல்லாவிடின் இத்தகைய பெண் அம் மொழிக்கு வாய்த்திராள்.

இதுகாறும் பெண்ணைப் பாடியோர் ஆடவர். 1936ஆம் ஆண்டிலே எலிசபெத் எய்பேர்ஸ் என்னும் இளம் பெண் தம் முதற் தொகுதியை வெளியிட்டார். ஆபிரிக்கான்ஸ் மொழியிலே பெண்ணொருவர் வெளியிட்ட முதற் கவிதைத் தொகுதி அதுவே. 1943ஆம் ஆண்டிலே அம் மொழியின் உயர்ந்த விருதாகிய ஹேர்ட்சொக் பரிசைப் பெற்ற முதற் பெண்ணும் அவரே. காதல், கருவுறுதல், பிள்ளைப்பேறு, தனிமை என்பனவே அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள். இனத்தின் அன்னைக்குரியனவாகக் கருதப்பட்ட அதே பொருள்கள். ஆயின் அவற்றை அவர் உள்ளிருந்து பார்த்தார். கன்னி மரியாளைப் பற்றி அவர் பாடிய கவிதை இதற்குச் சான்று. தேவதூதன் மகிழ்ச்சிச் செய்தியைக் கொணர்ந்தான் என்பது உண்மை. ஆனால் அயலவரின் ஏளனப் பேச்சையும் வரவிருக்குந் துயரத்தையும் அந்த இளம்பெண் எண்ணிப் பார்த்தாளா என்று அக் கவிதை கேட்கின்றது. திருவுருவத்தினிடம் ஒருவர் அருகிற் சென்று, ‘உனக்கு எப்படி இருந்தது?’ என்று வினவுவது போன்றது அது. ஆடவர் பாடிய அன்னையிடம் எவரும் அக் கேள்வியைக் கேட்டதில்லை. எய்பேர்ஸ் 1961ஆம் ஆண்டில் அம்ஸ்ரர்டாம் நகருக்குக் குடிபெயர்ந்து, 2007ஆம் ஆண்டில் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். எனினும் தம் தாய்மொழியிற் கவிதை எழுதுவதை விட்டாரல்லர்.

1960ஆம் ஆண்டிலே கேப் டவுன் நகரத்தின் புறத்தேயுள்ள நியாங்கா என்னுமிடத்தில், நோயுற்ற தன் குழந்தையை மருத்துவரிடம் கொண்டுசென்ற கறுப்பினத் தாயொருத்தியின் கையிலேயே அக் குழந்தை படையினரின் சூட்டுக்கு இரையாயிற்று. இச் செய்தி இங்கிரிட் யோங்கர் என்னும் இளங் கவிஞரை உலுக்கியது. அவருடைய தந்தை ஆளுங் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர். நூல்களைத் தணிக்கை செய்யும் விடயத்தில் முன்னின்றவர். மகளோ அக் குழந்தை இறக்கவில்லை என்று பாடினார். அக் கவிதையின் தொடக்கத்திலே தாய் வருகிறாள். அவள் ஆபிரிக்கா என்று உரத்துக் கூவுகிறாள். மடியிற் பிள்ளையோடு மௌனமாய் அமர்ந்திருந்த வெண்கலத் தாய்க்கும் இத் தாய்க்கும் உள்ள தூரத்தை நேயர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று. அறுபது ஆண்டுகளாக ஆபிரிக்கான்ஸ் கவிதை காணாதிருந்த மற்றைத் தாய், அம் மொழியிலேயே வாய் திறந்தாள்.

1994ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள், நாட்டின் முதலாவது சனநாயகப் பாராளுமன்றத்திலே சனாதிபதி நெல்சன் மண்டேலா அக் கவிதையை வாசித்தார். அதனைக் கேட்க யோங்கர் உயிரோடிருக்கவில்லை. 1965ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, தமது முப்பத்தோராம் வயதில், அவர் கடலில் மூழ்கி இறந்தார். அதன் பின் அழகும் சோகமும் நிறைந்த கவிக்குயில் என்று அவரையே ஓர் இலட்சியப் பெண்ணாக்கிப் பாடியவர்கள் பலர். சிலைகளுக்கு எதிராக எழுதியவரையும் சிலையாக்கிவிடும் ஆற்றல் இவ்வழக்கத்துக்கு உண்டென்பதை இது காட்டுகின்றது.

அடுத்த தலைமுறையிலே அன்கி குரோக் தோன்றினார். பதினெட்டு வயதளவில், 1970ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முதற் தொகுதியின் பெயர் ‘யெப்தாவின் மகள்’. தந்தை செய்த பொருத்தனைக்காகப் பலியிடப்பட்ட அந்த விவிலியப் பெண்ணுக்கு வேதத்திலே பெயர்கூட இல்லை. 1996ஆம் ஆண்டு முதல் உண்மைக்கும் மீளிணக்கத்துக்குமான ஆணைக்குழு நாடெங்குஞ் சென்று சாட்சியங் கேட்டபோது, அதனை நாட்டு மக்களுக்கு வானொலியில் எடுத்துரைத்த குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். மகனை இழந்தோரும் கணவனை இழந்தோருமாகப் பெண்கள் பலர் அவ்வாணைக்குழுவின் முன் வந்தனர். அவர்களுடைய துயரத்தைக் கவிஞர் எவரும் அவர்களுக்காகப் பேசவேண்டியிருக்கவில்லை. அவர்களே ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து பேசினர். பின்னர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வெர்வேயர்ஸ்கிரிஃப்ற்’ என்னுந் தொகுதியிலே முதுமையடையும் பெண்ணுடலைக் குரோக் பாடினார். திருவுருவங்கள் மூப்படைவதில்லை, பெண்கள் மூப்படைகிறார்கள்.

இன்று ஆபிரிக்கான்ஸ் மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோரிற் பெரும்பான்மையோர் வெள்ளையர் அல்லர். சமையலறை மொழியை உருவாக்கியவர்களின் வழிவந்தோரும் அதற்கு உரிமையுடையவர்களே. அவர்களுள் ஒருவரான ரொனெல்டா காம்ஃபர் 2008ஆம் ஆண்டில் தம் முதற் தொகுதியை வெளியிட்டார். கேப் டவுன் நகரத்தின் ஏழைப் புறநகர்ப் பகுதிகளில் வாழும் பெண்களே அவருடைய கவிதையில் வருகின்றனர். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹம்மி’ என்னும் நூலை, காலஞ்சென்ற தம் தாயைப் பற்றியே அவர் எழுதினார். அவள் ஓர் இனத்தின் அன்னையல்லள், ஒருத்தியின் அம்மா. நூறாண்டுகளின் பின் அம் மொழியின் கவிதை வந்தடைந்த இடம் அது.

இவற்றாற் பெறப்படுவது யாது? துன்புற்ற பெண்ணைப் போற்றுதல் குற்றமன்று. முகாம்களில் மாண்டவர்களுக்காகச் செலியேர்ஸும் தோத்தியுஸும் லெய்போல்ட்டும் பாடியிராவிடின், அவர்களுடைய மறைவு கணக்கேடுகளில் மாத்திரமே எஞ்சியிருக்கும். ஆனால் போற்றுவோர் ஒன்றை மறத்தலாகாது. ஒருத்தியை எல்லாப் பெண்களுக்கும் அடையாளமாக உயர்த்தும்போது, அவளுடைய சொந்தச் சொல் கேளாமற் போகலாம். அவளுக்குப் பக்கத்திலே அதே துன்பத்தைப் பட்டவள் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். புளூம்பொன்ரீன் தூணின் அடியிலே அமர்ந்திருக்கும் அந்தத் தாய் இன்னும் பேசவில்லை. அவளைப் பார்க்கச் செல்வோர், அவள் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று ஒரு கணம் எண்ணுவார்களாயின், அவளுக்கு உரிய வணக்கத்தைச் செலுத்தியவர்களாவர்.